வயிற்றுக்குச் சொன்ன பாடம்

ஏழாம் வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் ஓங்கரித்ததைப் பார்த்து பி.டி. மிஸ் சந்திரகலாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில்.

மேஜைமேல் அவள் பிரித்து வைத்திருந்தது ஒரு சிப்ஸ் பாக்கெட். போன வருஷம் இதே மாதிரி ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எவ்வளவு உப்பு, என்ன எண்ணெய், உள்ளே போனால் என்ன செய்யும் என்று தொண்டை வறளப் பாடம் நடத்தியிருக்கிறாள். பாடம் முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "மிஸ், அத யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டான். இன்றைக்கு அதே பையன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். முன்பெஞ்சுப் பெண் ஒருத்திக்கு அடக்க முடியவில்லை. காலையில் தின்ற இட்லி பெஞ்சிலும் பையிலும் பக்கத்துப் பெண்ணின் பாவாடையிலும் சிதறியது. ஆயாம்மா வாளியோடு வந்து முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். அந்தப் புளித்த நாற்றத்தின் நடுவில் நின்று சந்திரகலா கைதட்டினாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். பி.டி. பீரியட் என்பது கணக்கு வாத்தியார் வந்து பிடுங்கிக்கொண்டு போவதற்காகவே டைம் டேபிளில் போட்டு வைக்கிற பீரியட். மைதானத்தில் பாதி, ஆசிரியர்களின் வண்டி நிறுத்தம். வருஷத்துக்கு ஒருமுறை ஊட்டச்சத்து வாரம் என்று ஒரு கூத்து நடக்கும். பிள்ளைகள் கேரட்டும் கீரையும் வரைந்து சுவரில் ஒட்டுவார்கள். ஒட்டிய கையோடு கேட்டுக்கு வெளியே போய்ப் பாக்கெட் வாங்கி, சிவப்புத் தூள் அப்பிய விரலைச் சூப்பிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். முட்டியில் நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, இந்த வயதிலும் காலையில் பாலாற்று மணலில் ஓடுகிறவளுக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வராதா?

அந்தச் சமயத்தில்தான் பரணிதரன் வந்தான். சென்னைக் கம்பெனி ஒன்றின் இன்ஜினியர். மெல்லிய வலை மாதிரி ஒரு தொப்பியும், ஒரு டப்பா நிறைய புளியங்கொட்டை அளவில் கறுப்புக் கருவிகளும் கொண்டுவந்தான். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தது பிள்ளைகள்.

"இத்தனை வருஷமா நீங்க இவங்க காதுக்குப் பாடம் நடத்துனீங்க மிஸ். காது மறந்துடும். வயித்துக்கு நடத்துனா மறக்காது," என்றான்.

"வயித்துக்கு எப்படிப்பா நடத்துறது?"

"உங்க வயித்த வெச்சுத்தான். இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு நீங்க எப்பவும்போல இருங்க. எந்த வாசனைக்கு உங்களுக்குக் குமட்டுது, எதுக்குத் தொண்டை இறுகுது, ஓடும்போது எப்ப சந்தோஷம் வருது, எல்லாத்தையும் இது பதிஞ்சுக்கும். அந்தப் பதிவ வண்டு வழியா பிள்ளைங்க உடம்புக்குக் குடுத்துருவோம். அதே வாசனை வந்தா அவங்களுக்கும் அதே குமட்டல். மைதானத்துல கால் வெச்சா அதே சந்தோஷம். கொஞ்ச நாள்ல உடம்பு பழகிடும். அப்புறம் வண்டக் கழட்டிப் போட்டாலும் போகாது."

"யாரோட வயிறா இருந்தாலும் சரியா?"

"அதெப்படி மிஸ்? சுத்தமான வயிறு வேணும். அதான் உங்களத் தேர்ந்தெடுத்தோம்."

சுத்தமான வயிறு. அந்தப் பாராட்டை வீட்டில் கணவனிடமும், போனில் அக்காவிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

பதிவு நடந்த நாட்களில் தொப்பியை அவள் கழற்றவேயில்லை. ஓடும்போதும் அதுதான், மதியம் டப்பா செக்கிங்கிலும் அதுதான். டப்பா செக்கிங் அவள் ஏற்படுத்திய வழக்கம். வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைக்க வேண்டும். காய் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஒரு வார்த்தை சொல்லி, தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவாள். வரிசை முடிந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக் காட்டுவாள், அதுவும் ஒரு பாடம் என்று. எல்லாப் பிள்ளைகள் தலையையும் ஒரே மாதிரி தடவுவாள். சாதி பார்க்காத மிஸ் என்று ஊரில் அவளுக்குப் பெயர். அதை முதலில் நம்பியது அவள்தான்.

திட்டம் ஓகோவென்று நடந்தது. கேட்டுக்கு வெளியே இருந்த கடைக்காரர் பாக்கெட் சரங்களைக் கழற்றிவிட்டுக் கொய்யாவும் வேகவைத்த வேர்க்கடலையும் வைத்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் மைதானத்துக்குப் பறந்தார்கள். ஆசிரியர்களின் பைக்குகளைத் தாங்களே ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடினார்கள். தலைமையாசிரியர் தணிகாசலம் பள்ளிக்கு வந்தவர் போனவரை எல்லாம் அழைத்துவந்து காட்டினார். இதே பதிவை மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது.

"மேடம், இனிமே உங்க வயிறு மாவட்ட வயிறு," என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

கௌதமியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் வண்டு வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த பிள்ளை அவள் ஒருத்திதான். அம்மா நதியாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. மாவட்டப் போட்டிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதற்காகச் சந்திரகலா ஒருமுறை அவர்கள் வீட்டுக்கே போயிருக்கிறாள். காலனிக்குள் நடந்து போய், பாயில் உட்கார்ந்து, பெண்ணைப் புகழ்ந்து பேசிச் சம்மதிக்க வைத்தாள். நதியா பால் வாங்கி வரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்மா," என்று சந்திரகலா சொன்னாள். டீ ஆடை கட்டி ஆறியது. வேறு குறை எதுவும் இல்லை.

வண்டு ஒட்டிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு மதியம் கௌதமிக்கு இரண்டு பக்கமும் வராந்தா காலியாகக் கிடந்தது. வரிசை அவளை விட்டு ஒதுங்கி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் டப்பாவில் சோறும், ஓரத்தில் உப்புக்கண்டமும். மாட்டுக்கறியை உப்பு மஞ்சள் தடவி வெயிலில் காயவைத்து வறுத்தது. அதை அவள் எப்போதும் கொண்டுவருவதுதான்.

"என்ன இது? ஏன் தள்ளி உக்காந்திருக்கீங்க?" சந்திரகலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"குமட்டுது மிஸ்," என்றான் ஒரு பையன்.

"யாருடா சொல்லிக் குடுத்தா உனக்கு இதையெல்லாம்? வீட்லயா?"

"யாரும் சொல்லல மிஸ். வயித்தப் பொரட்டுது. நேத்து அவ புளிசாதந்தான் கொண்டாந்தா. அப்பவும் அவகிட்ட போனா பொரட்டுது."

அன்றைக்கு அந்தப் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு விளாசித் தள்ளினாள். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், பிஞ்சு மனசில் நஞ்சை ஊற்றுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். பஸ் டிரைவரான அந்த மனிதர் ஒன்றும் புரியாமல், "எங்க வீட்லயும் அது சாப்பிடுவோமே மிஸ்," என்றார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்முடைய நாற்றம் நமக்கு எங்கே தெரிகிறது?

கௌதமி உப்புக்கண்டம் கொண்டுவருவதை நிறுத்தினாள். பிறகு டப்பா கொண்டுவருவதையே நிறுத்தினாள். குழாயடியில் நின்று கையையும் கழுத்தையும் கழுவிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் இடுப்பு வரை இருந்த பின்னலைத் தானே கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு, எலி கடித்த மாதிரியான தலையோடு வந்தாள். அன்று மாலை மைதானத்தில் இரண்டாம் சுற்றில் கால் பின்னி விழுந்தாள். தூக்கியபோது கனமே இல்லை.

கம்பெனி உடுப்போடு ஓடிவந்தாள் நதியா.

"இன்னா மிஸ் பண்ணீங்க எம் பொண்ண? சோறு துன்ன மாட்டேன்றா. எண்ண வெச்சித் தல வாரலாம்னு கிட்ட போனா வாயப் பொத்திக்கினு ஓடுறா. எம் பக்கத்துல படுக்க மாட்டேன்றா மிஸ். மூக்குல துணியக் கட்டிக்கினு சுவத்தோரமா படுக்கறா." அவள் முன்னால் வந்து நின்றாள். "நான் நாறுறேனா? நீங்களே சொல்லுங்க மிஸ், நாறுறேனா?"

"சேச்சே, என்ன நதியா இது," என்றாள் சந்திரகலா. வாய்தான் அதைச் சொன்னது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். எப்போதிருந்து பிடித்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாளே பரணிதரனை வரவழைத்தாள். கம்ப்யூட்டர் அறையில் அவன் திரையில் ஒரு கோட்டைக் காட்டினான். சிப்ஸ் வந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. கலர் சோடாவுக்கு ஒரு மேடு. அப்புறம் கோடு நேராகப் போய், திடீரென்று ஒரு மலை. மற்ற மேடுகள் எல்லாம் அதன் காலடியில் கிடந்தன.

"இது என்னப்பா?"

"டப்பா செக்கிங் மிஸ். உப்புக்கண்டம்."

"நான் அப்ப முகங்கூடச் சுளிக்கல. அந்தப் பொண்ணு தலையத் தடவிக் குடுத்தேன்."

"தடவுனீங்க. கை தடவிச்சு. வயிறு இதப் பண்ணுச்சு." அவன் விரலை நகர்த்தினான். "தடவும்போது அவ தலையில இருந்த எண்ணெ வாசனையும் சேர்ந்து ஏறிடுச்சு. கரிசலாங்கண்ணி போட்டுக் காச்சுற எண்ணெ. அதனாலதான் டப்பா இல்லேன்னாலும் பிள்ளைங்களுக்குக் குமட்டுது. அந்தப் பொண்ணும் வண்டு போட்டிருக்கு இல்லையா? அதுக்கு அதோட வீடே குமட்டுது. இங்க பாருங்க, வரிசை முடியறதுக்குள்ள நடுவுலயே விட்டுட்டுப் போயிருக்கீங்க. குழாயடிக்கு. தண்ணி பட்டதும் கோடு இறங்குது."

சந்திரகலா குனிந்து அந்த மலையைப் பார்த்தாள். அவள் ஆட்டுக்கறி தின்பவள், கோழி தின்பவள், ஞாயிற்றுக்கிழமையானால் ரத்தப் பொரியல் கேட்டு வாங்குகிறவள். மேடையேறினால் எல்லாரும் ஒன்று என்று வாய் கிழியப் பேசுகிறவள். அத்தனைக்கும் கீழே இது குந்திக்கொண்டிருந்திருக்கிறது, கொழுத்து, சத்தமில்லாமல். தன் வயிற்றை நினைக்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

"நீ இத முதல்லயே பாக்கலையா?"

பரணிதரன் மவுஸைத் தள்ளி வைத்தான். "பாத்தேன் மிஸ். பிள்ளைங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடின்னா வெட்டியிருக்கலாம். இவ்ளோ பெருசா இருக்கே, கெட்டுப்போன கறி போலன்னு விட்டுட்டேன்."

அவன் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தணிகாசலத்திடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார். "மேடம், மாவட்டத் திட்டம் கைக்கு வந்துடுச்சு. இப்பப் போயி இத கிளறாதீங்க. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? பாதிப் பிள்ளைங்க வீட்ல அத சாப்பிடறதே இல்ல. அந்தப் பொண்ணுக்கு வேற பள்ளிக்கூடம் பாத்துக் குடுப்போம், ஹாஸ்டலோட." பேசிக்கொண்டே மேஜையில் இருந்த பாதாம்பருப்பு ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். அந்தச் சத்தம் அவள் காதிலேயே இருந்தது. என் பதிவை மாவட்டத்துக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட மாட்டேன், என் வயிறு யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்று பரணிதரனைக் கேட்டாள்.

"உடம்புக்குள்ள போனத அழிக்க முடியாது மிஸ். அதே வாசனைக்கு வேற பதிவு ஒண்ண மேல ஏத்தலாம். குமட்டாத பதிவு."

"நானே குடுக்கறேன்."

கறிக்கடைத் தெருவில் தேடிப் போய் உப்புக்கண்டம் வாங்கி, தொப்பியை மாட்டிக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து தின்றாள். கௌதமி ஓடுவதை நினைத்துக்கொண்டு தின்றாள். நல்லாத்தானே இருக்கு என்று உரக்கச் சொன்னாள். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. உப்பும் காரமும் நாக்குக்குப் பிடித்திருந்தது. கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் எழுந்து ஓடி, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். வாஷ்பேசினில் கிடந்ததைப் பார்த்தபோது கறியைவிடத் தன்மேல்தான் அதிகம் குமட்டியது.

ஆகவே நதியாவைக் கூப்பிடுவது என்று ஆனது.

"மிஷின்ல ஒரு சின்னக் கோளாறு நதியா. நீங்க உக்காந்து ஒரு பதிவு குடுத்தா சரியாப் போயிடும்," என்றாள் சந்திரகலா. இத்தனை நடந்த பிறகும் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எம் பொண்ணு எங்கிட்ட வருவாளா?"

"வருவா."

"அப்ப சரி மிஸ்." நதியா தலையைக் குனிந்து தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த உப்புக்கண்டத்தைத் திறந்ததும் கோடு மேடாகவே இல்லை. மெதுவாகத் தாழ்ந்து இளகியது. அது பிரியம் என்றான் பரணிதரன். எண்ணெய்க் குப்பியை மோந்ததும் இன்னும் தாழ்ந்தது. பெண் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் உச்சியில் இதை வைத்துத் தட்டியதைச் சொல்லி நதியா சிரித்தாள். சிப்ஸ் பாக்கெட்டுக்கு மட்டும் ஒரு சின்ன மேடு வந்தது. கம்பெனியில் டீ பிரேக்கில் அதைத் தின்று ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்ததாம். எல்லாம் முடிந்தது. சந்திரகலாவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கியது போலிருந்தது.

அவளே கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி வந்தாள். தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த நதியாவின் தோளில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையால் கிளாஸை நீட்டினாள். முட்டியில் தேய்த்திருந்த தைலத்தின் வாசனை நதியாவின் முகத்தில் அடித்தது.

"குடிங்க நதியா. ரொம்பப் பெரிய உதவி பண்ணியிருக்கீங்க."

நதியா மரியாதையாகச் சிரித்தாள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன் மிஸ்."

திரையில் கோடு எழும்பியது. எழும்பிக்கொண்டே போய் மலையாக நின்றது. சந்திரகலா கையை எடுத்ததும், நதியா யாரும் பார்க்காத மாதிரி முந்தானையால் தோளை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். கோடு இறங்கியது.

அவள் போன பிறகு பரணிதரன் மெல்லிய குரலில் சொன்னான். "இத இப்பவே வெட்டிடலாம் மிஸ். இன்னும் பிள்ளைங்களுக்கு ஏத்தல. யாருக்கும் தெரியப்போறதில்ல. விட்டா இந்தத் தைல வாசனையும் நீங்களும் சேர்ந்து..."

வெட்டு என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபது வருஷமாக இந்தப் பள்ளிப் பிள்ளைகளைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? மேஜைமேல் டீ ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டாத. அது தப்பான பதிவு இல்ல. அப்படியே போடு," என்றாள்.

சில வாரங்களில் கௌதமி டப்பா கொண்டுவரத் தொடங்கினாள். தலையில் முடி கொஞ்சம் வளர்ந்து, எண்ணெய் மினுங்கியது. ராத்திரி அம்மாமேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவதாகத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்பு ஜன்னலுக்கு ஓடிய பையன், "எனக்கு ஒரு துண்டு குடேன்," என்று கை நீட்டிக்கொண்டிருந்தான்.

சந்திரகலா டப்பா செக்கிங்குக்கு வந்தாள். தைலம் தேய்ப்பதை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். ஆனாலும் இத்தனை வருஷம் ஊறியது எங்கே போகும்? வராந்தாவில் அவள் கால் வைத்ததும் பேச்சு நின்றது. ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து பார்த்து, காய் சாப்பிடு, முட்டை நல்லது என்று சொல்லி, தலையைத் தடவிக்கொண்டு போனாள். யாரும் விலகவில்லை. யாரும் ஓங்கரிக்கவில்லை. மிஸ்ஸிடம் எல்லாருக்கும் மரியாதை இருந்தது.

கௌதமியின் தலையில் கை வைத்தபோது அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்து அழகாகச் சிரித்தது. சிரித்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சந்திரகலாவுக்கு அது தெரிந்தது. அந்தச் சிரிப்பு அவளுடையது.

கையை எடுத்தாள். கௌதமி எழுந்தாள். வரிசை மொத்தமும் எழுந்து, சத்தமில்லாமல், குழாயடிக்குப் போய் நின்றது.